ஏக்கத்தின் கால அளவு: பள்ளிக்கூடத் துயரம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

‘புள்ள ஏங்கிப் பூடுச்சு’ என்றார் பொம்மையார்பாளையத்துக் கிழவி ஒருவர். பேரன் எட்டாவது படிக்கிறான். நாலைந்து நாளாகச் சோறு இறங்கவில்லை, கடற்கரைப் பக்கம் ஆடப் போவதில்லை, கூப்பிட்டால் ‘ம்’ என்பதோடு சரி. ‘வாத்தியாரு வஞ்சாரா, எவனாச்சும் அடிச்சானா, எதுக்குடா ஏங்கிப்போன?’ என்று கேட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கோட்டக்குப்பத்தில் பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கி வந்து முகத்தில் தெளித்திருக்கிறார். இதே பிள்ளையை ஓர் ஆலோசகரிடம் கூட்டிப்போனால் அவர் வேறொரு சொல்லைப் பயன்படுத்துவார்: மனச்சோர்வு.

இரண்டு சொற்களும் ஒன்றல்ல. ‘ஏங்கு’ என்னும் வினை தனியே நிற்காது, நான்காம் வேற்றுமையைக் கேட்கும். தாய்க்கு ஏங்கும், சோற்றுக்கு ஏங்கும், கூட்டாளிக்கு ஏங்கும். ஏக்கம் என்று சொன்ன மாத்திரத்தில் ‘எதுக்கு?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. மனச்சோர்வுக்கு அப்படி ஒரு வெளிப்பொருள் தேவையில்லை. அது மனத்துக்குள் தோன்றி அங்கேயே முடிந்துவிடும் ஒன்றாகக் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. உலகமெங்கும் புழங்கும் பிஎச்கியூ-9 என்னும் வினாப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, உன்மேலேயே உனக்கு வெறுப்பு வந்ததா. எத்தனை நாள் என்று கேட்கிறது. எதனால் என்று ஓர் இடத்திலும் கேட்பதில்லை.

இதைச் சொல்வதால் கிழவியின் சொல் உயர்ந்தது, மருத்துவரின் சொல் தாழ்ந்தது என்று நான் வாதாடுவதாகக் கொள்ள வேண்டாம். ஓதிய தண்ணீரோடும் மந்திரித்த கயிறோடும் நின்றுபோனதால் வைத்தியம் கிடைக்காமல் போன பிள்ளைகள் ஏராளம். மனச்சோர்வு என்பது நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, சிகிச்சையில் குணமும் உண்டு. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் மூன்று நான்கு பேர். இந்தக் கணக்கை மறுப்பதற்கு இல்லை. என் அக்கறை வேறு. துயரத்துக்குப் பள்ளிக்கூடமே காரணமாக இருக்கும்போது, அது பிள்ளையின் மனத்துக்குள் இடம்பெயர்த்து வைக்கப்பட்டது எப்படி என்பதைத்தான் வரலாற்றுவழியில் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொம்மையார்பாளையத்தை மீன்பிடிக் கிராமமாகவும் ஆரோவில்லுக்குப் போகிற வழியாகவும் மட்டுமே பலரும் அறிவர். தமிழ் படித்தவர்களுக்கு இது பொம்மபுர ஆதீனத்தின் ஊர், சிவஞான பாலய சுவாமிகளின் ஊர். அவரை அடுத்து வாழ்ந்த பதினேழாம் நூற்றாண்டுத் துறைமங்கலம் சிவப்பிரகாசர்தான் ‘நன்னெறி’ பாடியவர். நாற்பது வெண்பாக்கள். அவர் மணலில் விரலால் எழுத எழுத, மாணாக்கர் ஏட்டில் பெயர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. அலை வந்தால் அழிந்துபோகிற ஒன்றைப் பின்னாளில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று.

திண்ணைப் பள்ளி பற்றி நம்மிடையே இரண்டு கதையாடல்கள் உலவுகின்றன. ஒன்று, வெள்ளைக்காரன் அழித்த பொற்காலம். தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன, ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்தார்கள் என்பதை தரம்பால் 1983இல் எடுத்துக்காட்டியதிலிருந்து இக்கதை வலுப்பெற்றது. மற்றது, கோதண்டமும் அண்ணாந்தாளும் போட்டுப் பிள்ளைகளை வதைத்த இருட்டறை. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இருந்ததில்லை என்பதால் முதல் கதையில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது உண்மைதான். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் தவறிப்போகிறது.

மன்றோவின் ஆணைக்குப் பதிலாக பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு காலைக் காட்சி வருகிறது. முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் மரியாதையாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு சுழி, அதாவது பாராட்டும் இல்லை பழிப்பும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அப்புறம் வரவர ஒவ்வொன்றாகக் கூடும். தரவரிசை என்பது நவீனக் கல்வியின் கண்டுபிடிப்பு அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் இந்த வரிசை உள்ளங்கையில் எழுதப்பட்டது, மறுநாள் காலையில் அழிந்துபோவது. இன்று கடைசியில் வந்தவன் நாளை முதலில் வந்துவிடலாம். அடி உண்டு, அழுகை உண்டு, ஆனால் தோற்றுப்போனவன் என்று ஒருவன் அங்கே இல்லை. தோல்வியின் ஆயுள் ஒரு நாள்.

அந்த ஆயுளை நீட்டியது தேர்வு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ. தேர்வுகள் வந்தன. 1911இலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. ஒரு மனிதனை அவன் பார்த்தறியாத ஒருவர், அவன் எழுதிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை தீர்ப்பிடுவது என்ற ஏற்பாட்டை நாம் இன்று இயற்கை நிகழ்வாக எடுத்துக்கொள்கிறோம். மிஷல் ஃபூக்கோ ‘கண்காணிப்பும் தண்டனையும்’ (1975) நூலில் தேர்வைச் சிறைக்கும் மருத்துவமனைக்கும் பக்கத்தில் வைத்துப் பேசியதை நம் சிறுபத்திரிகைகள் நிறையவே எழுதியிருக்கின்றன. நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். ‘ஃபெயில்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழில் ஒரு வினையாகத் தங்கவில்லை, மனிதர்களின் பெயராகிவிட்டது. ‘அவன் பெயிலு.’ எதில், எப்போது என்ற கேள்வியே இல்லை.

கும்பகோணத்து ராமானுஜன் கதையை நாம் மேதையின் கதையாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எஃப்.ஏ.வில் மறுபடி தோற்றார். பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஊரைவிட்டு ஓடியதற்கு இன்றைக்கு ஒரு படிவம் நிரப்பப்படும். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் வந்து கூப்பிட்டதால் இது வாழ்க்கை வரலாற்றில் ஒரு சுவையான அத்தியாயமாகிவிட்டது. அப்படி யாரும் கூப்பிடாத ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே ஓடினார்கள் என்பதற்கு வரலாறு இல்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் நாளிதழில் வந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எண்கள். ‘நம்பர் வந்திருச்சா?’ என்பதுதான் கேள்வி. தேறியவர்களின் எண் மட்டுமே அச்சாகும். தோற்றவர்களுக்கு அறிவிப்பு கிடையாது. தன் எண்ணுக்கு முந்தியதும் பிந்தியதும் இருந்து, நடுவில் தான் மட்டும் இல்லாமல் இருப்பதுதான் அறிவிப்பு. டீக்கடை பெஞ்சில் நாலு பேர் தலைக்கு மேல் எட்டிப் பார்த்து ஒரு பிள்ளை தன் இன்மையை வாசித்துக்கொள்ள வேண்டும். இதற்கு நிகரான ஒரு கொடூரப் படிமத்தை நம் நவீனக் கவிதை எழுதவில்லை என்பேன். மார்ச்சில் தோற்றவன் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதில் தேறினாலும் கல்லூரியில் சேர அடுத்த ஜூன். ஒரு பாடத்தில் நாலு மார்க் குறைந்ததற்கு விலை ஒரு முழு வருஷம். ஊருக்கு ஊர் டுடோரியல்கள் முளைத்தது இந்த ஒரு வருஷத்தின்மேல்தான்.

இங்கேதான் என் வாதத்துக்கு முக்கியமான நிகழ்வு வருகிறது. அதை ஒரு சீர்திருத்தம் என்றுகூட யாரும் கொண்டாடவில்லை. 2000களின் தொடக்கத்தில் தமிழக அரசு, தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே எழுதிவிடக்கூடிய சிறப்புத் துணைத்தேர்வைக் கொண்டுவந்தது. தவறிய பாடத்தை எழுதித் தேறிவிட்டு அதே ஆண்டில் மேற்படிப்பில் சேர்ந்துகொள்ளலாம். 1986இல் சென்னையில் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய உளமருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்த மாற்றத்துக்கு வாதாடியவர்களில் ஒருவர். இதன்பின் தேர்வுத் தோல்வியை ஒட்டிய தற்கொலைகள் தமிழ்நாட்டில் குறைந்தன என்பதை அவர் தொடர்ந்து எடுத்துச் சொல்லி வந்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கும் தன்னம்பிக்கைப் பாடம் எடுக்கப்படவில்லை. யாரையும் மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை. ஒரு தேதி மாற்றப்பட்டது. தோல்வியின் ஆயுள் ஓராண்டிலிருந்து சில வாரங்களாகச் சுருங்கியது. ஓர் உளமருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஒரு கால அட்டவணையாக இருந்தது என்பதை நம் கல்விச் சொல்லாடல் இன்னும் சரியாக உள்வாங்கவில்லை.

இதே வகையில் வேறு சிலவற்றையும் வாசிக்கலாம். காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்ததும் பசியைப் பற்றிய கதைகள் மட்டுமல்ல. பதினோரு மணிக்கு வகுப்பில் தலை கவிழ்ந்து கிடக்கும் பிள்ளையை ‘மக்கு’ என்பதா ‘பசி’ என்பதா என்ற கேள்விக்கு அது அரசு தந்த பதில். 2003இல் தமிழ்நாட்டின் கல்வி விதிகளிலிருந்து உடல் தண்டனை நீக்கப்பட்டது. பிரம்பு ஒழிந்துவிட்டதா என்பது வேறு விஷயம், ஒழிய வேண்டியது என்றாவது ஆயிற்று. 2017இல் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பது நின்றது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளை மக்கள் ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயரிட்டு அழைத்த காலம் அது. ஒரு பழமொழிக்குரிய சுருக்கத்தில் ஒரு முழு அரசியல் பொருளாதாரத்தை அப்பெயர் சொல்லிவிடுகிறது.

ஆனால் அதிகாரம் ஓரிடத்தில் பின்வாங்கினால் இன்னோரிடத்தில் நுழையும். மாணவரின் தரவரிசை போயிற்று, மாவட்டங்களின் தரவரிசை போகவில்லை. ‘நூறு விழுக்காடு’ காட்டுவதற்காகச் சுமாரான பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துக்கட்டும் பழக்கம் அதன் விளைவு. முதலிடங்களை ஒழித்த அதே 2017இல்தான் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் இரண்டாண்டும் பன்னிரண்டையே நடத்தின என்பது காரணம். குற்றம் பள்ளிகளுடையது, தண்டனை பிள்ளைகளுக்கு. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோதுதான் அது கைவிடப்பட்டது. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும்கூடப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. பத்து வயதுக் குழந்தைக்கு ஹால் டிக்கெட். பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்த பிறகு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பைக் குழந்தைகளின் மனநலத்துக்கான இயக்கம் என்று யாரும் எழுதவில்லை. நான் அப்படித்தான் எழுதுவேன்.

பிறகு நீட். குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவர் இறந்தார். அடுத்த ஆண்டே நம் விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகளை இழந்தோம். இங்கு தோல்வியின் ஆயுள் மறுபடி ஓராண்டாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். ‘ரிப்பீட்டர்’ என்ற சொல்லும் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்களும் பழைய டுடோரியலின் இடத்தில் வந்து உட்கார்ந்தன. ஒரு வருஷம் காத்திருக்க வசதியுள்ளவனுக்கு அது தயாரிப்புக் காலம், இல்லாதவனுக்கு வாழ்க்கையின் முடிவு. 2021இல் தமிழக அரசு இரண்டு காரியங்கள் செய்தது. சட்டமன்றத்தில் விலக்கு மசோதா நிறைவேற்றியது. தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 104 எண்ணிலிருந்து தொலைபேசியில் அழைத்து ஆலோசனை வழங்கியது. மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது, தொலைபேசி மட்டும் மிஞ்சியது. அந்த அழைப்பு ஒரே ஒரு பிள்ளையைத் தடுத்து நிறுத்தியிருந்தாலும் அது பெரிய காரியம், மறுக்கவில்லை. 2022இல் இந்தியா முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் அமைப்பை மாற்ற இயலாத இடத்தில் பிள்ளையின் மனத்தை மாற்ற முயல்வது எப்படி ஒரு பொது வழக்கமாகிறது என்பதை இதில் பார்க்கலாம்.

பள்ளிக்குள்ளேயே மனச்சோர்வைக் குறைக்கும் முயற்சிகள் குறித்து உலகெங்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இரண்டை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 85 பள்ளிகளில், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கவனத்தை மூச்சில் நிறுத்துவது, எண்ணங்களை விலகி நின்று பார்ப்பது. 2022இல் முடிவு வந்தது: வழக்கமான பாடங்களைப் பெற்ற பிள்ளைகளைவிட இவர்களுக்கு மனச்சோர்வு குறையவில்லை. நம் ஊரில் யோகாவும் தியானமும் எல்லாவற்றுக்கும் மருந்து என்று கிளம்பியிருப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

மற்றது பிகாரில், நாளந்தா மாவட்டத்தில். கோவாவைச் சேர்ந்த ‘சங்காத்’ அமைப்பு எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2015-16இல் நடத்திய ‘செஹர்’ திட்டம். உளவியல் படிக்காத, அந்தப் பகுதியைச் சேர்ந்த சாதாரண ஆட்களைப் பயிற்சி கொடுத்து ஒரு பகுதிப் பள்ளிகளில் அமர்த்தினார்கள். இன்னொரு பகுதியில் அதே வேலையை அந்தந்தப் பள்ளி ஆசிரியரிடமே கொடுத்தார்கள். மீதிப் பள்ளிகளில் இரண்டும் இல்லை. வேலை என்ன? காலைக் கூட்டத்தில் பேச்சு, பிள்ளைகள் எழுதும் சுவர்ப் பத்திரிகை, யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் குறை எழுதிப் போட ஒரு பெட்டி, கேட்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஆலோசனை. பிள்ளையை மட்டுமல்ல, பள்ளியின் சூழலையே மாற்றுவதுதான் நோக்கம். வெளியாள் இருந்த பள்ளிகளில் சூழல் கண்கூடாக மாறியது, மனச்சோர்வும் கொடுமைப்படுத்தலும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் ஒன்றும் நடக்கவில்லை. 2018இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு இது. மனச்சோர்வை அளக்க அவர்களும் அதே ஒன்பது கேள்விகளைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் குறைத்தது, ‘எதனால்’ என்று கேட்ட பெட்டி.

ஆசிரியர் ஏன் தோற்றார்? இதைப் படிக்கிற நண்பர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலைப்பளு ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. என் வாசிப்பில் அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. மார்க் போடுகிற கையால் பெட்டியைத் திறக்க முடியாது. மதிப்பிடுகிறவரிடம் ஒரு பிள்ளை மனம் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, வட்டிக்கடைக்காரரிடம் போய்க் கடன் தொல்லையைச் சொல்லி அழு என்பதைப் போன்றது. சாதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிப் பொட்டு என்று பிள்ளைகள் சாதியை உடம்பில் எழுதிக்கொண்டு வருவதை அது பேசுகிறது. பெரிய பள்ளிகளுக்குத் தனியே நல அலுவலர் வேண்டும் என்றும் கேட்கிறது. வகுப்பில் தன் சாதி நாறடிக்கப்படும் பிள்ளைக்கு வருவதற்கு மனச்சோர்வு என்று பெயரிட்டுவிட்டால் அடித்தவன் தப்பித்துவிடுகிறான்.

தேர்வே இல்லாத பள்ளிகள் இதே மண்ணில் உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943இல் தொடங்கியது, பட்டமோ சான்றிதழோ தருவதில்லை. 1968இல் உருவான ஆரோவில் அதே வழியில் வந்தது. பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே மேட்டில் ஏறினால் செம்மண் காட்டுக்குள் அந்த உலகம். அங்கிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய. ஆனால் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்வது ஒரு வசதி. திண்டிவனம் பகுதியில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழி ஆண்டுக்கணக்கில் போராடியது, இருளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித் தருவதற்காக. அந்த ஒரு தாள் இல்லாமல் பள்ளிப் படிப்போடு நின்றுபோன பிள்ளையின் ஏக்கத்தை எந்தத் தியானத்தால் தீர்ப்பது?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுவதும் உளவியல் ஆலோசனைக் குழுக்கள் வந்தன, பிள்ளைகளை அலையை வரையச் சொன்னார்கள். பலருக்கு அது உதவியது. புதுச்சேரித் துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே ஆண்டுதோறும் மணலை அரித்து வீடுகளை எடுக்கிற கடலை வரையச் சொல்லி யாரும் வரவில்லை. ஒரே நாளில் வந்த அலைக்கு ஆலோசகர் உண்டு, முப்பது வருஷமாக வந்துகொண்டிருக்கும் அலைக்கு இல்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்துப் பதினைந்து வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அதில் ஒன்று. நாளிதழ்கள் அதைத்தான் தலைப்பாக்கின. அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கக் கூடாது, எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தக் கூடாது. ஆலோசகரை நியமிப்பதற்குச் செலவு ஒரு சம்பளம். இரண்டாவதற்குச் செலவே இல்லை, ஆனால் பள்ளிக்கூடம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கிழவியை மறுபடி பார்த்தேன். அவன் படிக்கும் பள்ளியில் காலாண்டு மார்க்கைப் பார்த்து ஏ, பி, சி என்று பிள்ளைகளைப் பிரித்திருக்கிறார்கள். ஒண்ணாங்கிளாஸிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த, எதிர்வீட்டுக் கட்டுமரக்காரர் மகன் ஏ-க்குப் போய்விட்டான். இவன் சி. ‘அதுக்குத்தான் ஏங்கிப் பூடுச்சு’ என்றார். ‘எங்கிட்ட சொல்லல. ராத்திரி தூக்கத்துல அவன் பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு.’